வாய்நோய்ப் பரவலியல்: சொல் விளக்கம்

பல் மருத்துவப் படிப்பில் ‘டென்டல் எபிடெமியாலஜி’ என்று ஒரு துறை உண்டு. பெயரைக் கேட்டதும் எபிடெமிக், அதாவது கொள்ளைநோய், நினைவுக்கு வந்துவிடும். பல் சொத்தை என்ன காலராவா, ஊர் விட்டு ஊர் பரவ என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் துறை செய்வது வேறு. ஒரு மக்கள்தொகையில் பல், ஈறு, வாய் சார்ந்த நோய்கள் யாருக்கு இருக்கின்றன, எந்த வயதில், எந்த இடத்தில், எவ்வளவு இருக்கின்றன, சிலருக்கு மட்டும் ஏன் கூடுதல் என்று கண்டறிவதே அதன் வேலை. கிளினிக்கில் காத்திருப்பவர்களை மட்டும் எண்ணினால் இதற்கு விடை கிடைக்காது. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் வலி தாங்காமல் வந்தவர்கள். வராதவர்களின் வாயையும் பார்த்தாக வேண்டும்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். ‘எபி’ என்றால் மேல், ‘டெமோஸ்’ என்றால் மக்கள், ‘லோகோஸ்’ என்றால் பேச்சு அல்லது அறிவு. மூன்றும் கிரேக்கம். டெமாக்ரசியில் இருப்பதும் இதே டெமோஸ்தான். வேடிக்கை என்னவென்றால், தொடக்கத்தில் இந்தச் சொல்லுக்கும் நோய்க்கும் உறவே இல்லை. பழைய கிரேக்கத்தில் எபிடெமியோஸ் என்பது ஊரில் இருப்பவரையும் ஊருக்கு வந்து தங்குபவரையும் குறித்தது. ஹிப்பாக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களில் ஒரு தொகுதிக்கு இந்தச் சொல்லை ஒட்டிய தலைப்பு இருக்கிறது. அதற்கப்புறம்தான் சொல் மெல்ல மெல்ல நோயின் பக்கம் சாய்ந்து, பலரை ஒரே நேரத்தில் தாக்கும் கொள்ளைநோய் என்ற பொருளில் நிலைத்தது.

பின்னால் ‘இயல்’ ஒட்டிக்கொண்டது இன்னும் பிந்தியது. ஹோவாகின் தெ வில்லால்பா என்ற ஸ்பானியர் தம் நாட்டைத் தாக்கிய கொள்ளைநோய்களின் வரலாற்றை எழுதி, 1802இல் ‘எபிடெமியோலோஹியா எஸ்பான்யோலா’ என்று தலைப்பிட்டு வெளியிட்டார். 1850இல் லண்டனில் எபிடெமியாலஜிகல் சொசைட்டி தொடங்கியபோதும் அவர்களின் பெரிய கவலை காலராதான். இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. புற்றுநோய், இதயநோய் என்று தொற்றாத நோய்களையும் இதே முறையில் எண்ணவும் ஒப்பிடவும் தொடங்கினார்கள். பல் சொத்தையும் அந்த வரிசையில் சேர்ந்தது. பொருள் இவ்வளவு விரிந்த பிறகும் சொல்லில் மட்டும் பழைய கொள்ளைநோய் வாடை போகவில்லை.

தமிழாக்கத்தில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எபிடெமியாலஜிக்குக் ‘கொள்ளைநோயியல்’ என்றும் ‘தொற்றுநோயியல்’ என்றும் ‘நோய்ப்பரவலியல்’ என்றும் எழுதுகிறார்கள். கொள்ளைநோயியல் என்பதன் முன்னால் ‘பல்’ சேர்த்துப் பாருங்கள், சிரிப்பு வரும். தொற்றுநோயியல் அதைவிட மோசம், ஏனென்றால் அது கேட்கச் சரியாக இருந்துகொண்டே தவறான பொருளைத் தருகிறது. சொத்தையில் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது சர்க்கரையும் அமிலமும் காலமும் சேர்ந்து உண்டாக்கும் சேதம். உலக சுகாதார நிறுவனமும் வாய்நோய்களைத் தொற்றா நோய்களோடுதான் சேர்த்துப் பேசுகிறது. தொற்றா நோயை ஆராயும் இயலுக்குத் தொற்றுநோயியல் என்று பெயர் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

என் ஓட்டு ‘பரவலியல்’ என்பதற்கே. ‘பரவல்’ என்றால் ஒன்று ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரவுவதுதானே, அது மட்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்கலாம். அந்தப் பொருள் உண்டு. ஆனால் தமிழில் கணக்குப் படித்தவர்களுக்கு இன்னொரு பரவலும் தெரியும். இயல்நிலைப் பரவல், ஈருறுப்புப் பரவல் என்று புள்ளியியல் பாடத்தில் வருமே, அது. எங்கே எவ்வளவு குவிந்திருக்கிறது, எங்கே இல்லாமல் இருக்கிறது என்ற அமைப்பைக் குறிக்கும் பரவல் அது. இந்தத் துறை முதலில் தேடுவதும் அந்த அமைப்பைத்தான். மூலச் சொல்லில்கூட இவ்வளவு தெளிவு இல்லை.

இந்தப் பொருள் வெறும் சொல் அலங்காரம் அல்ல. ஹென்றி கிளைன், கரோல் பாமர், நட்சன் ஆகிய மூவரும் 1938இல் ஓர் எண்ணிக்கை முறையை முன்வைத்தார்கள். ஒருவரின் வாயில் எத்தனை பற்கள் சொத்தை, சொத்தையால் எத்தனை இழப்பு, எத்தனை அடைத்தவை என்று எண்ணிக் கூட்டுவது, அவ்வளவுதான். இவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து டி.எம்.எஃப்.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இன்றும் உலகம் முழுக்க இதுவே நடப்பில் இருக்கிறது. 12 வயதுக் குழந்தைகளின் சராசரி 3-ஐத் தாண்டக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டுக்கு உலக அளவில் வைத்திருந்த இலக்கு.

இப்போது ஒன்பது குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். ஆறு பேருக்கு ஒரு சொத்தைகூட இல்லை, மீதி மூன்று பேருக்கு ஆளுக்கு ஒன்பது. சராசரி 3. இலக்கு நிறைவேறிவிட்டது, அறிக்கையில் எல்லாம் நலம்! அந்த மூன்று குழந்தைகளைப் பற்றி அந்தச் சராசரி ஒன்றுமே சொல்லாது. சொத்தை குறைந்த நாடுகளில் பரவல் இப்படித்தான் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. அதனால்தான் ஸ்வீடனைச் சேர்ந்த டக்லஸ் பிராட்டால் 2000இல் வேறொரு குறியீட்டைச் சொன்னார். அதிகச் சொத்தை உள்ள மூன்றில் ஒரு பங்கினரை மட்டும் தனியாக எடுத்துச் சராசரி போடுவது. மேலே சொன்ன ஒன்பது பேருக்கு அது 9 என்று வரும். பரவல் என்ற சொல்லின் கணக்குப் பொருளை விட்டுவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பரவலைப் பார்த்து காரணத்தைப் பிடித்ததற்கும் இந்தத் துறையில் ஒரு பெயர்பெற்ற உதாரணம் இருக்கிறது. ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குத் தொழில் செய்யப் போனார். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை. ஒரு வாயை மட்டும் பார்த்திருந்தால் சரியாகத் தேய்க்கவில்லை என்று விட்டிருப்பார்கள். எந்த ஊரில் இருக்கிறது, எதில் இல்லை என்று பல ஆண்டுகள் தொடர்ந்து தேடியதில் சந்தேகம் குடிநீர் மேல் விழுந்தது. நீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடுதான் காரணம் என்று 1931இல் சர்ச்சில் என்ற வேதியியலாளரின் சோதனை காட்டியது. கறை இருந்தவர்களுக்குச் சொத்தை குறைவு என்பதையும் மெக்கே கவனித்திருந்தார்.

அப்புறம் டிரெண்ட்லி டீன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வந்தார். 21 நகரங்களில் 12 முதல் 14 வயது வரையிலான ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பற்களை நீரிலுள்ள ஃபுளோரைடு அளவோடு ஒப்பிட்டார். லிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் இருந்தால் சொத்தை நன்றாகக் குறைகிறது, கண்ணில் படும்படி கறையும் விழுவதில்லை என்று தெரிந்தது. 1945 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரக் குடிநீரில் இந்த அளவுக்கு ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கினார்கள். அதற்குப் பின் பிறந்த குழந்தைகளிடம் சொத்தை 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.

சரி, ‘பரவலியல்’ முடிவாகிவிட்டது. முன்னால் வர வேண்டியது ‘பல்’லா, ‘வாய்’ஆ? டென்டல் என்பது பல்லைக் குறிக்கும் ‘டென்ஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் துறை ஈறு, நாக்கு, வாய்ப் புற்றுநோய் என்று பல்லைத் தாண்டிப் போய் வெகுகாலம் ஆயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு ஏதோவொரு வாய்நோய் இருப்பதாகச் சொல்கிறது. நிலைப்பற்களில் சிகிச்சை பெறாத சொத்தை உள்ளவர்கள் அவர்களில் சுமார் 200 கோடி. மீதியைப் ‘பல்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்க முடியாது.

இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ‘பல்’லுக்கு ‘பல’ என்ற பொருளும் உண்டு. பல் + நாடு பன்னாடு ஆவது போலப் பல்லும் நோயும் புணர்ந்தால் ‘பன்னோய்’ ஆகும். அதைப் படிப்பவர் பல நோய்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘வாய்நோய்ப் பரவலியல்’ என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஆய்வாளரை வாய்நோய்ப் பரவலியலாளர் எனலாம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளலாம்.

கூடவே வரும் சொற்களில் ஒரு எச்சரிக்கை. ‘பிரிவலன்ஸ்’ என்பதையும் சிலர் பரவல் என்றே எழுதுகிறார்கள். துறைப் பெயரிலேயே பரவல் இருக்கும்போது அது குழப்பும். குறிப்பிட்ட காலத்தில் எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்பதால் அதை ‘இருப்பு வீதம்’ என்றும், புதிதாக எத்தனை பேருக்கு வந்தது என்று சொல்லும் ‘இன்சிடென்ஸ்’ஐ ‘நிகழ்வு வீதம்’ என்றும் பிரித்து எழுதினால் படிப்பவர் தடுமாற மாட்டார்.

டி.எம்.எஃப்.டி.யிலும் ஒரு சின்ன இடர் உண்டு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் போட்டால் நிலைப்பற்கள், சின்ன எழுத்தில் போட்டால் பால்பற்கள். நம் எழுத்தில் பெரியது சின்னது கிடையாது. ஆகவே ‘பால்பல் டி.எம்.எஃப்.டி.’, ‘நிலைப்பல் டி.எம்.எஃப்.டி.’ என்று வெளிப்படையாகவே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் 5 வயதுக் குழந்தைகளின் கணக்கும் 12 வயதினரின் கணக்கும் ஒரே அட்டவணையில் கலந்துவிடும்.

கடைசியாக, ‘சமுதாயப் பல் மருத்துவம்’ இதற்கு மறுபெயர் அல்ல. அது மக்களுக்கு என்ன செய்வது என்று திட்டமிட்டுச் செயல்படுத்தும் துறை. அந்தத் திட்டத்துக்கு வேண்டிய எண்களையும் காரணங்களையும் வாய்நோய்ப் பரவலியல் எடுத்துக் கொடுக்கிறது.