சர்ரியலிசம்: மிகையா, அடியா, மேலா?

இப்போதெல்லாம் கொஞ்சம் விசித்திரமாக எது நடந்தாலும் 'சர்ரியல்' என்று சொல்லிவிடுகிறோம். பேச்சில் சரி, பரவாயில்லை. ஒரு கதையைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல் எதைக் குறிக்கிறது, தமிழில் அதை எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் பார்த்துக்கொள்வது நல்லது.

பிரெஞ்சில் 'சுர்' என்றால் மேல். 'சூப்பர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதை யதார்த்தவாதத்தோடு ஒட்டிப் 'சர்ரியலிசம்' என்ற புதுச்சொல் ஆக்கியவர் பிரெஞ்சுக் கவிஞர் கியோம் அப்பொலினேர். 1917 ஜூனில் பாரிஸில் மேடையேறிய தன் நாடகத்துக்கு 'சர்ரியலிச நாடகம்' என்று துணைத்தலைப்பு வைத்தார். அதில் தெரேஸ் என்பவளின் மார்பகங்கள் பலூன்களாகப் பறந்துபோகின்றன. தாடி முளைத்து அவள் திரேசியாஸ் ஆகிறாள். கணவன் ஒரே நாளில் 40,049 பிள்ளைகளைப் பெற்றெடுக்கிறான்! கிரேக்கப் பழங்கதையில் திரேசியாஸ் ஆணாகவும் பெண்ணாகவும் வாழ்ந்த, கண்தெரியாத குறிசொல்லி. ஆக, 'சர்ரியலிசம்' என்ற பெயரைத் தாங்கி மேடையேறிய அந்த நாடகமே ஒரு பழங்கதையைத் திருப்பிச் சொன்னதுதான்.

அப்பொலினேர் தந்த விளக்கம் எனக்குப் பிடித்தது. நடப்பதைப் போலச் செய்ய விரும்பிய மனிதன் சக்கரத்தைச் செய்தான். அது காலைப் போல இல்லை. அவன் அறியாமலே சர்ரியலிசம் செய்துவிட்டான் என்கிறார்.

சர்ரியலிசத்தை ஒரு கலை இலக்கிய இயக்கமாக நடத்திய பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெதோன் 1924இல் வெளியிட்ட அறிக்கை சொல்லைக் கனவின் பக்கம் திருப்பியது. அறிவின் காவல் இல்லாமல், அழகு, அறம் என்ற கவலையும் இல்லாமல் எண்ணம் ஓடுகிறபடி ஓடவிடுவது என்று அவர் வரையறுத்தார். பின்னால், கனவுகளையும் அடிமனத்தையும் ஆராய்ந்த ஃபிராய்டின் நிழல்.

தமிழில் இதற்கு 'மிகை யதார்த்தவாதம்', 'அடிமன வெளிப்பாட்டியம்', 'மீமெய்யியல்' என்று பல பெயர்கள் உலவுகின்றன. எது பொருந்தும் என்று பார்க்க ஒரு குறுநாவலை எடுத்துக்கொள்கிறேன்.

லியோனோரா காரிங்டன், சொல் பிறந்த அதே 1917இல் இங்கிலாந்தில் பிறந்து மெக்ஸிகோவில் வாழ்ந்த ஓவியர். அவருடைய 'தி ஹியரிங் ட்ரம்பெட்' முதலில் 1974இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. காது கேட்காத 92 வயதுப் பாட்டிக்குத் தோழி ஒரு காதுக்குழல் பரிசளிக்கிறாள். அதைக் காதில் வைத்தால், தன்னை முதியோர் இல்லத்துக்கு அனுப்ப வீட்டார் போடும் திட்டம் கேட்கிறது. மகன் பெயர் கலஹாட். இங்கிலாந்துப் பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னன் கதைகளில், ஏசு கடைசி விருந்தில் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் புனிதக் கிண்ணத்தைக் கண்டடையும் மாசற்ற வீரனின் பெயர் அது. இங்கே கலஹாட் தாயை வீட்டைவிட்டு அனுப்புகிறவன். கிண்ணமோ ஆதியில் ஒரு தேவிக்குரியது, அதை மீட்கப் போவது கிழவிகள்.

கிலி பிடிக்கவைக்கும் இடம் ஒன்று உண்டு. முதியோர் இல்லத்திலுள்ள கோபுரத்தின் அடியில் இறங்கும் பாட்டி, கொதிக்கும் கொப்பரை ஒன்றைக் கிளறிக்கொண்டிருக்கும் தன்னையே சந்திக்கிறாள். கொப்பரைக்குள் குதிக்கிறாள். அடுத்த கணம் வெளியே நின்று, தன் உடல் வேகிற சூப்பைக் கிளறுகிறாள். ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் மிளகும் போட்டு, ஊற்றிக் குடிக்கிறாள். அலறல் இல்லை, இது கனவு என்ற சமாதானமும் இல்லை. ரசம் வைப்பதுபோலச் சொல்லிக்கொண்டு போகிறார் ஆசிரியர்.

இதில் மிகை எங்கே இருக்கிறது? குரல் தணிந்தே இருக்கிறது. நிழற்படம்போலத் துல்லியமாக வரையும் 'ஹைப்பர்ரியலிச' ஓவியத்துக்குத்தான் 'மிகை' பொருந்தும். 'அடிமனம்' பிரெதோனின் கொள்கைக்குச் சரி. ஆனால் 'மேல்' என்ற மூலப்பொருளை நேர் எதிராகக் கவிழ்த்துவிடுகிறது. அப்புறம், நாவலாசிரியர் பழங்கதையைத் தெரிந்தேதான் கலைத்துப் போடுகிறார். அடிமனம் தானாகக் கொட்டியது என்றால் அவர் வேலையைக் குறைத்துச் சொன்னதாகும்.

'மீ' என்ற முன்னொட்டு நல்லது. மேல் என்ற பொருளில் பழைய சொல். மீமிசை, மீந்தோல், குறளின் 'மீக்கூறும்' எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். சிக்கல் 'மெய்யியல்' பகுதியில். மெய்யியல் என்றால் தத்துவம் என்று ஏற்கெனவே வழங்குவதால், மீமெய்யியலைப் பார்த்தவுடன் தத்துவத்துறை ஏதோ ஒன்று என்று தோன்றும். யதார்த்தவாதம் தமிழில் நன்றாக ஊன்றிவிட்ட சொல். எனவே 'மீயதார்த்தம்' என்பதே என் தேர்வு: மீயதார்த்த ஓவியம், மீயதார்த்தக் குறுநாவல். வடசொல் கலந்தது என்று முகம் சுளிப்பவர்கள் 'மீநடப்பியல்' என்று எழுதலாம், தவறில்லை.

பிரெதோனும் நண்பர்களும் நடத்திய இயக்கத்தைச் சொல்லும்போது மட்டும் 'சர்ரியலிசம்' என்றே விட்டுவிடுவேன். அது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்.