பெரியவர்களுக்கு ஆட்டிசம் சான்றிதழ்: எங்கெல்லாம் திருப்பி அனுப்புவார்கள்

முப்பது வயதுக்கு மேல் மனநல மருத்துவர் "ஆட்டிசம்" என்று எழுதித் தரும் அறிக்கை, அத்தனை வருடக் குழப்பத்துக்கு விடை சொல்லியிருக்கும். ஆனால் அரசு அலுவலகத்தில் அது செல்லாது. வேலை இடஒதுக்கீடு, வருமான வரிக் கழிவு எதற்கும் அரசு மருத்துவ அதிகாரி தரும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும். அதில் குறைபாட்டின் அளவு 40 சதவீதமாவது இருக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. வயது வரம்பு கிடையாது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "இதெல்லாம் குழந்தைகளுக்குத்தானே" என்று கவுன்டரிலேயே ஆரம்பித்துவிடுவார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை (யுடிஐடி) இணையதளத்தில் விண்ணப்பித்தால் மருத்துவமனைக்கு அழைப்பு வரும். பலர் தோற்பது அங்கேதான். ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோலான 'இஸா'வில் 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் கீழே போனால் ஆட்டிசமே இல்லை என்று முடித்துவிடுவார்கள். வாழ்நாளெல்லாம் சிரமத்தை மறைத்தே பழகியவர்களுக்கு இது பெரிய அநியாயம்.

ஒரு பெண்ணுக்குத் துணையாகப் போயிருந்தேன். கேள்விகளுக்கு என்ன பதில் சொல்வது என்று ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். "நல்லாத்தானே பேசுறீங்க, வேலைக்கும் போறீங்க" என்றார் மருத்துவர். மேசைக்கு அடியில் துப்பட்டா முனையை நூல் பிரியும்வரை முறுக்கிக்கொண்டிருந்த விரல்களை அவர் பார்க்கவேயில்லை. பத்து நிமிடத்தில் எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அதனால் தனியாகப் போகாதீர்கள். சின்ன வயதில் உங்களைப் பார்த்து வளர்த்த அம்மாவோ அக்காவோ கூட வரட்டும். பள்ளி ரிப்போர்ட் கார்டு இருந்தால் எடுத்துப் போங்கள். சமாளித்துவிடுகிறேன் என்று சொல்லாதீர்கள். சமாளித்த பிறகு எத்தனை நாள் படுத்துக்கிடக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

மறுத்தால் வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். காரணத்தை எழுத்தில் தர வேண்டியது அவர்கள் கடமை. அந்தத் தாளை வைத்துத்தான் சட்டத்தின் 59ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்ய முடியும். வாயால் சொன்னதை எதிர்த்து எங்கே போவது?

சான்றிதழ் கிடைத்த பிறகும் ஒரு தொல்லை உண்டு. "ஆட்டிசமா? காப்பாளர் சான்று கொண்டு வாங்க" என்று சில இடங்களில் கேட்பார்கள். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் காப்பாளர், அதாவது உங்கள் சார்பில் சட்டப்படி பொறுப்பேற்கும் ஒருவர், நியமனத்துக்கு வழி இருக்கிறது, உண்மைதான். ஆனால் சான்றிதழ் வாங்கிய ஒவ்வொருவருக்கும் காப்பாளர் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று காப்பாளர் கேட்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எந்த விதிப்படி கேட்கிறீர்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.