‘தனியார்’ அல்ல, ‘தனி’: விபிஎன் என்பதற்குத் தமிழ்

விபிஎன் (‘வர்ச்சுவல் பிரைவேட் நெட்வொர்க்’: பொதுவான வலையமைப்பின் மேலே பிரித்து அமைக்கும் தனி இணைப்பு) வரும் இடமெல்லாம் ‘மெய்நிகர் தனியார் வலையமைப்பு’ என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. அதில் ‘தனியார்’ தவறு. ஓசைக்காகச் சொல்லவில்லை; பொருளே மாறிவிடுகிறது.

ஆங்கிலத் தொடரில் மூன்று சொற்கள். ‘வர்ச்சுவல்’ என்பது வடிவில் இல்லாமல் பயனில் மட்டும் இருப்பது. முன்பு இரண்டு கிளை அலுவலகங்களை இணைக்கத் தொலைபேசி நிறுவனத்திடம் தனித் தடத்தை வாடகைக்கு எடுத்தார்கள். தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி (மறையாக்கி) அனுப்பும் நெறிமுறையான ஐபிசெக்கின் முதல் வரையறைகள் 1995இல் வந்தபின் அதே பயனைப் பொது இணையத்தின் மேலேயே பெற முடிந்தது. தடம் இல்லை, தடத்தின் பயன் உண்டு, ‘மெய்நிகர்’ பொருந்துகிறது. ‘நெட்வொர்க்’குக்கு வலையமைப்பு, பிணையம் இரண்டும் சரி. சிக்கல் நடுச்சொல்லில்தான். ‘பிரைவேட்’டின் லத்தீன் வேர், பொதுவிலிருந்து பிரித்து வைப்பதைக் குறிக்கும்.

‘தனியார்’ என்பதில் உள்ள ‘ஆர்’ உயர்திணை விகுதி. தனியார் என்றால் ஆட்கள். இன்றைய வழக்கில் அரசு அல்லாத ஆட்கள். தனியார் பேருந்து, தனியார் மருத்துவமனை என்பன அந்தப் பொருளில் சரியானவை. ஆனால் அரசுத் துறைகளும் விபிஎன் வைத்திருக்கின்றன. ‘அரசு அலுவலகத்தின் மெய்நிகர் தனியார் வலையமைப்பு’ என்று எழுதிப் பாருங்கள். அரசு தன் வலையமைப்பை யாருக்கோ விற்றுவிட்டதாகத்தான் படிப்பவர் நினைப்பார். தமிழில் இதற்குச் சொல் இல்லாமலும் இல்லை. சிற்றிதழ்களின் அட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அச்சிட்டார்களே, அந்தத் ‘தனி’ இதே ‘பிரைவேட்’தான். ‘தனியார் சுற்றுக்கு’ என்று எவரும் எழுதவில்லை. ‘யார்’ என்ற இரண்டு எழுத்தை நீக்கினால் போதும்: மெய்நிகர் தனி வலையமைப்பு. சுருக்கமாக வேண்டுமானால் தனிவலை.

‘மறைவலை’ என்று சொல்லலாமே என்பார்கள். அதை இன்னும் வலுவாக மறுக்க வேண்டும். முதலில், அது சாதாரண உலாவியில் திறக்காத இணையப் பகுதியான டார்க் வெப்பை நினைவூட்டுகிறது. அடுத்து, மறையாக்கம் விபிஎன்னின் இலக்கணம் அல்ல. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தரும் எம்பிஎல்எஸ் (தரவுத் துண்டுகளில் சீட்டு ஒட்டி வழிநடத்தும் முறை) விபிஎன் தடங்களைப் பிரிக்கிறதே ஒழிய எதையும் மறையாக்குவதில்லை. இரு முனைகளுக்கிடையே இணைப்புப் பாதை (சுரங்கப்பாதை) அமைக்கும் எல்2டிபி நெறிமுறையும் தானாக மறையாக்காது. ஐபிசெக்கைச் சேர்த்தால்தான் உண்டு. ‘மறைவலை’ என்ற பெயரை நம்பி வெறும் எல்2டிபியை இயக்குபவரின் தரவு திறந்தபடியே போகும். அலுவலக விபிஎன் பணியாளரை அலுவலகத்திடமிருந்து மறைப்பதும் இல்லை. அலுவலக வலையமைப்பின் நுழைவுக் கணினியான வாயிலில் மறையாக்கம் அவிழ்கிறது. எந்த முகவரிக்குப் போகிறீர்கள் என்பது நிர்வாகிக்குத் தெரியும்.

‘தனி’ என்று சொன்னால் அமைக்கும்போதும் கவனம் சரியான இடத்தில் நிற்கும். இங்கே தனித்து நிற்க வேண்டியவை முகவரியும் வழியும். உள்வலைகளுக்கென ஒதுக்கிய முகவரிகளில் (இவற்றையும் ‘தனியார் முகவரி’ என்கிறார்கள்) 192.168.0.0/24, 192.168.1.0/24 என்ற இரண்டு முகவரித் தொகுதிகளையும் பல வீட்டு ரவுட்டர்கள் ஏற்கனவே பிடித்துவைத்திருக்கின்றன. அலுவலகமும் அதையே வைத்திருந்தால் விபிஎன் இணைந்ததாகக் காட்டும்; கோப்புச் சேவையகம் மட்டும் திறக்காது. அந்த முகவரி வீட்டுக்குள்ளேயே இருப்பதாகக் கணினி எண்ணி, பொதியை (தரவுத் துண்டை) விபிஎன்னின் சுரங்கப்பாதைக்கு அனுப்புவதே இல்லை. அலுவலகத்துக்கு 10.20.0.0/16, விபிஎன்னுக்கு 10.77.0.0/24 என்பதுபோல அதிகம் புழங்காத பகுதிகளை எடுப்பது நல்லது. வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளில் பணியாளர் கருவியின் ‘அலவ்டு ஐபி’ (அனுமதித்த முகவரிகள்) வரியில் இந்த இரண்டை மட்டும் எழுதினால் அலுவலகப் போக்குவரத்து மட்டும் சுரங்கப்பாதையில் போகும், 0.0.0.0/0 எழுதினால் ஐபிவி4 (இணைய முகவரி முறையின் நான்காம் பதிப்பு) போக்குவரத்து முழுவதும் போகும். வாயிலில் வயர்கார்டுக்கு வழக்கமான யுடிபி 51820 என்ற போர்ட் திறந்திருக்க வேண்டும், வந்த பொதியை அடுத்த வலைக்குக் கடத்தும் பொதி முன்னனுப்பல் இயங்க வேண்டும், உள்வலையின் கருவிகளுக்கு விபிஎன்னுக்குத் திரும்பும் வழியும் தெரிய வேண்டும். பிங் (சிறு சோதனைப் பொதி) வருகிறது, பெரிய பக்கம் மட்டும் தொங்குகிறது என்றால் எம்டியுவை (ஒரு பொதியின் உச்ச அளவு, பைட்டில்) பாருங்கள்: வழக்கமான 1420ஐ 1280 ஆக்கினால் பெரும்பாலும் தீரும்.

பெயர்ப்பாளர்கள் அஃறிணையை ஆளாக்குவது ‘தனியார்’ என்பதோடு நிற்கவில்லை. ‘கிளையன்ட்’ என்றதும் ‘வாடிக்கையாளர்’ என்று எழுதுகிறார்கள். ‘விபிஎன் வாடிக்கையாளரை நிறுவவும்’ என்றால் யாரை எங்கே நிறுவுவது? அங்கே சொல்வது ஒரு மென்பொருளை. ‘பயனர்பக்க மென்பொருள்’ என்று நீட்டினாலும் புரியும். அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டுவதன் விளைவு இது. ‘ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு திறவி’ (‘கீ’, கருவியை அடையாளம் காட்டும் மறைக்குறி) என்ற வரியைப் படிப்பவர், ஆளுக்கு ஒன்று என்று கொண்டு ஒரே திறவியை மடிக்கணினியிலும் செல்பேசியிலும் போடுவார். வயர்கார்டு ஒரு திறவிக்கு ஓர் இருப்பிடத்தைத்தான் நினைவில் வைக்கும். கடைசியாகச் சரியான பொதி எங்கிருந்து வந்ததோ, மறுமொழி அங்கே போகும். இரண்டு கருவிகளும் மாறி மாறி ஒன்றையொன்று துண்டிக்கும். திறவி ஆளுக்கு ஒன்று அல்ல, கருவிக்கு ஒன்று.