கலப்பையை இழுக்க வேண்டும், ரோட்டவேட்டரைப் பிடித்து நிறுத்த வேண்டும்

பினாங்கின் சிம்பாங் அம்பாட்டில் மாமா குத்தகைக்கு எடுத்திருப்பது இரண்டு ஏக்கர்தான். ஒரு காலத்தில் ரப்பர் நின்ற மேட்டு நிலம். பிப்ரவரி வெயிலில் காய்ந்து கிடந்தால், காலால் தட்டும்போது ஓட்டுச் சத்தம் வரும். அந்த நிலத்தில்தான் முதல் தடவையாக அவருடைய சின்ன டிராக்டரில் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் மாட்டியிருந்த ரோட்டவேட்டரை, அதாவது கத்திகள் சுழன்று மண்ணைக் கிளறும் கருவியை, சுழல விட்டு, லீவரைத் தட்டென்று கீழே தள்ளினேன். வண்டி ஒரு துள்ளு துள்ளி முன்னால் பாய்ந்தது. வரப்போரத்து வாழை இரண்டு போச்சு.

“கிளட்ச மிதி தம்பி, கிளட்ச மிதி!” என்று ஓடி வந்த மாமா, வண்டி நின்றதும் சிரித்தார். தோட்டத்தில் முப்பது வருடம் டிராக்டர் ஓட்டியவர். “இது என்ன கலப்பையா, நீ இழுக்க? அது பாட்டுக்கு ஓடும். நீதான் பிடிச்சு நிறுத்தணும்லா.”

அவர் சொன்னது அப்படியே இயற்பியல்.

கலப்பையின் கொழு மண்ணுக்குள் இறங்கி நிற்கும், வண்டி அதை இழுக்கும். அந்த இழுவை முழுக்க டயர் மண்ணைக் கவ்வும் பிடியை நம்பியிருக்கிறது. டயர் வழுக்கினால் இன்ஜின் கொடுத்த சக்தியில் ஒரு பங்கு அங்கேயே வீண். அதனால்தான் கலப்பைக்கு எடை மிகுந்த வண்டி வேண்டும். ரோட்டவேட்டருக்குச் சக்தி போகும் வழி வேறு. டிராக்டரின் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் பல் வெட்டிய தண்டுதான் பிடிஓ. இன்ஜினைக் குறித்த வேகத்தில் ஓட்டினால் அது நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். அந்தச் சுழற்சி இணைப்புத் தண்டு வழியாக ரோட்டவேட்டரின் கியர் பெட்டிக்குள் போய், திசை திரும்பி, வேகம் குறைந்து, கத்திகள் பூட்டிய உருளைக்கு வரும்போது ஏறக்குறைய 200 சுற்றாக இருக்கும். டயரின் தயவு தேவையில்லை. அதனால் எடை குறைந்த சின்ன டிராக்டர்கூட இந்த வேலையைச் செய்துவிடுகிறது.

வண்டி ஏன் பாய்ந்தது? உருளை சுற்றுவது டயர் சுற்றும் அதே திசையில். கத்தி மேலிருந்து முன்பக்கமாக இறங்கி, மண்ணை வெட்டிப் பின்னால் எறிகிறது. மண் பின்னால் போனால் வண்டி முன்னால் தள்ளப்படும், படகுத் துடுப்பு மாதிரி. கத்தி நுனி மையத்திலிருந்து 24 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அதன் வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர் வரும். டிராக்டரோ 2 கிலோமீட்டரில் ஊர்கிறது. மண் இளகி வழிவிடும்வரை பிரச்சினை இல்லை. கத்தி இறங்க முடியாத கெட்டி நிலமானால், அது கத்தியாக இருப்பதை விட்டுவிட்டு முள் வைத்த சக்கரமாகிவிடும். அந்தச் சக்கரம் தன் வேகத்துக்கு வண்டியை இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். இருப்பதிலேயே சின்ன கியர், தரையைத் தொடாத உயரத்தில் சுழல விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது, முதல் ஓட்டத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாதது: கெட்டி நிலத்துக்கு இதுதான் வழி. எதிர்த் திசையில் சுற்றும் ரகமும் உண்டு. அது பாயாது, கல்லையும் கட்டியையும் அடியில் தள்ளி மேலே பொடி மண்ணைப் போடும். ஆனால் சக்தி அதிகம் கேட்கும்.

இந்தக் கருவியின் தொடக்கம் ஆஸ்திரேலியாவில். ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்ற இளைஞர் 1912இல், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கில்கண்ட்ராவில், அப்பாவின் பண்ணையில் நீராவி டிராக்டரை வைத்துச் சுழலும் உழவைச் சோதித்துப் பார்த்தார். முதலில் போட்ட வட்டத் தகடுகள் மண்ணைப் பக்கவாட்டில் வாரி இறைத்தன. கத்தியை நம் ‘ட’ எழுத்துப் போல மடக்கியதும் விஷயம் சரியானது. நிற்கும் கோடு மண்ணைப் பிளக்கும், படுத்த கோடு அடியை அரிந்து தூக்கும். ரோட்டவேட்டர் என்ற பெயரும் அவருடைய கம்பெனி வைத்ததுதான். ஆங்கில எழுத்துகளில் அது ஒரு மாலைமாற்று, நம்முடைய விகடகவி மாதிரி. சுற்றும் கருவிக்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாத பெயர் வைத்த ஆள் ரசிகராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மண் எவ்வளவு பொடியாகும் என்பதை முடிவு செய்வது ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. வண்டி மணிக்கு 2 கிலோமீட்டரில் போனால் நிமிடத்துக்கு 33 மீட்டர். அதற்குள் உருளை 200 சுற்று. ஆக ஒரு சுற்றுக்கு வண்டி நகர்வது 17 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. ஒரே தடத்தில் மூன்று கத்திகள் வெட்டினால், ஒவ்வொரு கத்தியும் கடிப்பது ஐந்தரை சென்டிமீட்டர், அதாவது மூன்று விரல் அகலம். வண்டியை 4 கிலோமீட்டருக்கு விரட்டினால் கடி ஆறு விரலாகும், மண் கட்டி கட்டியாக விழும். டீசலை மிச்சம் பிடிக்க இன்ஜின் வேகத்தைக் குறைத்து ஓட்டுபவர்களுக்கும் இதே கதிதான். உருளை மெதுவாகும், கடி பெரிதாகும், அப்புறம் இன்னொரு ஓட்டம் ஓட்ட வேண்டியிருக்கும். பின்னால் தொங்கும் பலகையும் கணக்கில் உண்டு. அதை இறக்கி வைத்தால் எறிந்த மண் மோதி மறுபடி உடையும், தூக்கி வைத்தால் கட்டியாகவே விழும்.

பொடியானால் நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தண்டுக்கீரை விதை கடுகைவிடச் சிறியது, அதற்கு மேல் மண் மாவாக இருக்கலாம். மரவள்ளிக் குச்சி ஊன்ற எதற்கு மாவு? ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் பினாங்கில், மாவாக்கிய மண் ஒரே மழையில் படிந்து, காய்ந்ததும் மேலே பாலாடை மாதிரி ஓடு கட்டிவிடும். முளை அதைத் தூக்க முடியாமல் திணறும்.

‘அகல உழுவதை விட ஆழ உழு’ என்பார்கள். அது கலப்பைக் காலத்துப் பேச்சு. சின்ன ரோட்டவேட்டர் நான்கு முதல் ஆறு அங்குலம்தான் போகும். அந்த அடி மட்டத்தில்தான் சிக்கல். ஈர மண்ணில் கத்தியின் படுத்த கோடு, கொத்தனார் கரண்டி பூசுவது போல, ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்பத் தேய்க்கிறது. வருடக்கணக்கில் அங்கே ஒரு கெட்டித் தளம் உருவாகும். வேர் அதில் முட்டி மடங்கும், மழை நீர் இறங்காமல் நிற்கும். இதில் வேடிக்கை, வடக்கு செபராங் பிறையின் நெல் வயல்களில் இதே தளம் வரம். தண்ணீர் கட்டிச் சேறடிக்கும்போது அடியில் தளம் இறுகினால்தான் நீர் வயலில் தங்கும். காய்கறிக்காரருக்கு அதுவே எமன். மாமா ஓர் இரும்புக் கம்பியை ஆங்காங்கே குத்திப் பார்ப்பார். எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் முட்டினால், அந்தப் போகத்துக்கு ரோட்டவேட்டரை ஒதுக்கி, ஆழமாகக் கீறும் கலப்பையை இரவல் வாங்கி வருவார். உழவுக்கு முன் மண்ணை ஒரு பிடி எடுத்து உருண்டை பிடிப்பார். கட்டைவிரலால் அழுத்தினால் உதிர வேண்டும். கொழுக்கட்டை மாவு மாதிரி அமுங்கினால் அன்றைக்கு வண்டி வெளியே வராது.

லாலாங் புல்லைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதன் அடித்தண்டு வெள்ளை வெள்ளையாக மண்ணுக்குள் ஓடும், கணுவுக்குக் கணு முளைக்கும். ஒரே ஓட்டம் ஓட்டி விட்டுவிட்டால், ஒரு புல்லை இருபது துண்டாக்கி நட்டதற்குச் சமம். வெயில் காலத்தில் இரண்டு மூன்று வார இடைவெளியில் பல ஓட்டம் ஓட்டி, துண்டுகளை மேலே கொண்டுவந்து காயவிட வேண்டும். மழை மாதத்தில் தொடவே கூடாது.

வாங்கும்போது அகலத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். மாமாவின் வண்டி 24 குதிரைத்திறன், பிடிஓவில் கிடைப்பது 19. இளகிய மண்ணில் ஓர் அடி அகலத்துக்கு ஐந்து குதிரைத்திறன் தேவை என்பது தோராயக் கணக்கு, களிமண்ணில் ஏழு எட்டு ஆகும். கடைக்காரர் ஐந்தடி எடுக்கச் சொன்னார். மாமா நான்கடியில் நின்றார். பின் டயர்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து, அதை மூடுகிறதா என்று மட்டும் பார்த்தார். மூடாவிட்டால் டயர் மிதித்த தடம் உழாமலே கிடக்கும். இணைப்புத் தண்டையும் மாட்டிப் பார்த்து அளந்து வெட்ட வேண்டும். நீளமாக இருந்தால் தூக்கும்போது முட்டிக் கியர் பெட்டியை உடைக்கும், குட்டையாக இருந்தால் கழன்று சாட்டையாக வீசும். அதன் மேலுள்ள பிளாஸ்டிக் உறையை வெட்டி எறிபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. இடுப்பில் கட்டிய சாரத்தின் நுனி சிக்கினால் கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது.

கல்லிலோ பழைய ரப்பர் வேரிலோ கத்தி மாட்டினால் உடைய வேண்டியது கியர் இல்லை. அதற்காகவே சில கருவிகளில் முறியும் ஆணி, சிலவற்றில் வழுக்கும் கிளட்ச். கிளட்சில் தகடுகளை ஸ்பிரிங்குகள் அழுத்திப் பிடித்திருக்கும், சுமை மீறினால் வழுக்கிவிடும். நம் ஊர் ஈரத்தில் நான்கு மாதம் சும்மா கிடந்தால் தகடுகள் துருவில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது கிளட்ச் இல்லை, வெறும் இரும்புக் கட்டி.

மாமா ஜனவரியில் ஒரு நாள் இதற்கென்றே உட்காருவார். இன்ஜினை நிறுத்தி, ஸ்பிரிங் நட்டுகளை ஒவ்வொன்றாக இரண்டு சுற்று தளர்த்தி, தகடுகளின் விளிம்பில் குறுக்காகச் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பார். கருவியைத் தரையில் ஊன்றி, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பிடிஓவை இரண்டு நொடி போட்டு எடுப்பார். மறுபடி இன்ஜினை நிறுத்தி, குனிந்து பார்ப்பார். போன முறை கோடு அப்படியே நேராக நின்றது. தகடுகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, மாட்டி, புதுக் கோடு போட்டு மறுபடி ஓட்டினார். லேசாகப் புகை வாசம் வந்தது. கோடு உடைந்து, ஒரு துண்டு மேலேயும் இன்னொன்று கீழேயுமாகக் கிடந்தது.

“வழுக்குது,” என்றார். நட்டுகளை எண்ணி அதே இரண்டு சுற்று இறுக்கினார்.