பிராக்கியோரேடியாலிஸ்: புயவாரைத் தசை

கொழும்பு வெள்ளவத்தை ஜிம்களில் முன்கைத் தசைகள் அத்தனைக்கும் ‘ஃபோர்ஆம்’ என்று ஒரே பெயர். உண்மையில் அங்கே 20 தசைகள். அவற்றுள் முழங்கைக்குக் கீழே, பெருவிரல் பக்கமாகக் கயிறுபோலப் புடைப்பதுதான் பிராக்கியோரேடியாலிஸ். கையைப் பொத்தி, பெருவிரல் மேலிருக்க, மேசையின் அடிப்பக்கத்தை மேல்நோக்கி அழுத்துங்கள், எழுந்து நிற்கும்.

பிராக்கியம் என்பது கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்குப் போன சொல், மேற்கையைக் குறிக்கும். ரேடியஸ் என்றால் சில்லின் ஆரைக்கால். கணிதத்தில் படித்த வட்டத்தின் ஆரையும் உயிரியலில் படித்த ஆரை என்பும் (முன்கையில் பெருவிரல் பக்க என்பு) அதே ஆரைதான். (தமிழ்நாட்டில் வட்டத்துக்கு ஆரம் என்பார்கள்.) மேற்புய என்பின் வெளி ஓரத்தில் தொடங்கி ஆரை என்பில் முடியும் தசைக்குப் ‘புயவாரைத் தசை’ பொருந்தும். புயம் வடசொல்தான், ஆனால் நம் பாடநூல்களில் அது வேரூன்றிவிட்டது. வெறுமனே ‘முன்கைத் தசை’ என்பது பிழை.

பழைய நூல்களில் இதன் பெயர் சூப்பினேட்டர் லோங்கஸ், உள்ளங்கையை மேலே திருப்பும் நீண்ட தசை. பாதிதான் சரி. உள்ளங்கை மேலோ கீழோ திரும்பியிருந்தால், பெருவிரல் மேலிருக்கும் நடுநிலைக்குக் கொண்டுவர இது உதவும். முதன்மை வேலை முழங்கையை மடக்குவது. மடக்கும் தசையாயிருந்தும், நீட்டும் தசைகளுக்குரிய ஆரை நரம்பே இதை இயக்குகிறது. பரீட்சை வினா தயாரிப்பவர்களுக்கு இனிப்பான விதிவிலக்கு!

இதன் தசைநாண் மணிக்கட்டு மூட்டைத் தாண்டாமல் ஆரை என்பின் கீழ்முனையிலேயே ஒட்டிவிடுகிறது. ஆகவே மணிக்கட்டை எத்தனை தடவை மடக்கினாலும் இது வளராது. டம்பெலைச் சுத்தியல்போலப் பிடித்து முழங்கையை மடக்கும் ஹாமர் கேர்ள், அல்லது பாரை உள்ளங்கை கீழ்நோக்கப் பிடித்து மடக்கும் ரிவர்ஸ் கேர்ள் வேண்டும். 10–12 தடவை, 3 செற், வாரம் இரு நாள். இறக்குவதற்கு மட்டும் 3 செக்கன்.

ரிவர்ஸ் பிடியில் இருதலைத்தசைக்கு (பைசெப்ஸ்) இழுவை வசதி குறைவு. வழமையான நிறையில் பாதியோடு தொடங்குங்கள். கூடினால் முழங்கை முன்னே நகர்ந்து தோள் வேலையைப் பறிக்கும், மணிக்கட்டும் தொங்கிவிடும். முழங்கையின் வெளிப்பக்க என்பு மேட்டில் நோவெடுத்தால் பழி பெரும்பாலும் புயவாரைக்கு அல்ல, மணிக்கட்டை உயர்த்தும் தசைகளுக்கு. அவை பிறப்பது அங்கேதான். நிறையைக் குறைத்து, நேரான பாரை விட்டு வளைந்த பாருக்கு மாறினால் மணிக்கட்டின் முறுக்கம் தணியும்.