‘ட்ரஸ்ட் பஸ்டர்’: சொல் விளக்கம்

அமெரிக்காவின் 26-ஆவது அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பட்டம் ‘ட்ரஸ்ட் பஸ்டர்’. ட்ரஸ்ட் என்றதும் அறக்கட்டளை என்று எழுதும் பழக்கத்தில் இதைத் தமிழாக்கினால், அவர் தருமச் சொத்தில் கைவைத்தவர் என்ற பொருள் வந்துவிடும். போட்டியை ஒழிக்கும் வணிகக் கூட்டுகளைத் தடுக்கும் ‘ஆன்டி ட்ரஸ்ட்’ சட்டத்தை ‘நம்பிக்கை எதிர்ப்புச் சட்டம்’ ஆக்குவது அதைவிடப் பெரிய கொடுமை.

ஒருவருடைய நலனுக்காக ஒரு சொத்தை இன்னொருவர் பொறுப்பேற்று நிருவகிக்கும் ஏற்பாட்டைத்தான் இங்கிலாந்துச் சட்டம் ட்ரஸ்ட் என்றது. 1882-இல் ஜான் ராக்ஃபெல்லரின் எண்ணெய் நிறுவனமான ஸ்டாண்டர்ட் ஆயில் இந்த வடிவத்தை வணிகத்துக்கு வளைத்துக்கொண்டது. ஒரு நிறுவனம் பிற நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்க மாநிலச் சட்டங்கள் எளிதில் இடங்கொடாத காலம் அது என்பதால், ஏறத்தாழ 40 நிறுவனங்களின் பங்குகள் ஒன்பது பொறுப்பாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. பங்குதாரர்களுக்குக் கிடைத்தவை சான்றிதழும் ஈவுத்தொகையும் மட்டுமே. வெளிப்பார்வைக்குத் தனித்தனியாக இருந்த நிறுவனங்களின் விலையையும் உற்பத்தியையும் ஒரே குழு தீர்மானித்தது. சர்க்கரை ஆலைகளும் சாராய ஆலைகளும் இதே வழியில் சேர்ந்தன. அதன்பின், சட்ட வடிவம் எதுவாயினும், போட்டியை ஒழிக்கும் பெருங்கூட்டு எல்லாமே மக்கள் பேச்சில் ட்ரஸ்ட் ஆயிற்று. 1890-இல் வந்த ஷெர்மன் சட்டம் அவற்றைத் தடுக்க முனைந்தும், 1895-இல் சர்க்கரைக் கூட்டு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அதன் வீச்சைச் சுருக்கிவிட்டது.

நியூயார்க் நகரக் காவல் ஆணையத் தலைவராகவும் பின்னர் அம்மாநில ஆளுநராகவும் இருந்து, கட்சிப் பெருந்தலைகளோடு மோதிப் பழகிய ரூஸ்வெல்ட், அதிபர் மெக்கின்லி சுடப்பட்டு இறந்ததால் 1901 செப்டம்பரில், 42 வயதில் அதிபரானார். ஐந்து மாதம் கழித்து, வங்கியாளர் ஜே. பி. மார்கனும் இருப்புப்பாதை முதலாளிகளான ஜேம்ஸ் ஹில்லும் ஹாரிமனும் வடமேற்கு இருப்புப்பாதைகளை ஒன்றாக்க அமைத்திருந்த நார்தர்ன் செக்யூரிட்டீஸ் நிறுவனத்தின் மீது அவரது அரசு வழக்குத் தொடுத்தது. 1904-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கலைக்கச் சொன்னது. ரூஸ்வெல்ட்டே நியமித்த நீதிபதி ஹோம்ஸ் மாற்றுத் தீர்ப்பு எழுதியது வேறு கதை. அந்த நிறுவனம் பங்குகளை வைத்திருக்கும் கம்பெனியே தவிர, சட்டப்படி ட்ரஸ்ட் அன்று; மக்கள் பேச்சில்தான் ட்ரஸ்ட்.

பட்டத்தின் பின்பாதியான ‘பஸ்டர்’, அதாவது உடைப்பவர், அவருக்கு முழுமையாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. நல்ல கூட்டு, தீய கூட்டு என்று பிரித்துப் பார்த்த அவர், தீயதை மட்டுமே உடைக்க விரும்பினார். 1906-இன் ஹெப்பர்ன் சட்டம் இருப்புப்பாதைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்க வழிசெய்ததைப் போன்ற கட்டுப்பாட்டிலேயே அவருக்கு நாட்டம் அதிகம். அவர் ஏழரை ஆண்டுகளில் தொடுத்தவை சுமார் 44 வழக்குகள். அடுத்து வந்த டாஃப்ட் நான்கே ஆண்டுகளில் அதைப்போல ஏறத்தாழ இருமடங்கு தொடுத்தார்.

தமிழ்நாட்டுப் பொருளியல் பாடநூல்கள் ஆளும் ‘முற்றுரிமை’ என்ற சொல்லை அடியாகக் கொண்டு, வணிக ட்ரஸ்டை ‘முற்றுரிமைக் கூட்டு’ என்றும், ஆன்டி ட்ரஸ்ட் சட்டத்தை ‘முற்றுரிமைத் தடுப்புச் சட்டம்’ என்றும், இப்பட்டத்தை ‘முற்றுரிமைக் கூட்டுகளை உடைப்பவர்’ என்றும் எழுதலாம். ‘ஏகபோகம்’ என்று எழுதினாலும் பிழையில்லை. அறக்கட்டளை என்ற சொல்லை அறச்செயலுக்கே விட்டுவிடலாம்.