கராஜ் கதவைத் தூக்குவது மோட்டார் இல்லை

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கராஜுக்குள் சூடு தாங்கவில்லை என்று கதவின் உட்புறம் முழுக்க தெர்மாகோல் ஒட்டினேன். அது வெளியே தெரியக்கூடாதென்று மேலே பிளைவுட் அடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரிமோட்டை அழுத்தினால் இப்போது மோட்டார் முனகுகிறது, கதவு ஒரு ஜாண் எழும்பி நின்றுவிடுகிறது. மூடும்போது தடாலென்று விழுகிறது. பெரிய மோட்டாராக வாங்கிப் போடலாமா?"

வேண்டாம். போட்டாலும் வியாதி தீராது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2.4 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம் என்றால் கதவின் பரப்பு ஏறக்குறைய 5 சதுர மீட்டர். 4 சென்டிமீட்டர் தடிமன் தெர்மாகோல் அந்தப் பரப்புக்கு 4 கிலோதான் வரும். அதில் பெரும்பகுதி காற்று, சூட்டைத் தடுப்பதும் அந்தக் காற்றுதான். ஆனால் 6 மில்லிமீட்டர் பிளைவுட் சுமார் 18 கிலோ! ஆக, அழகுக்காக அடித்த பலகைதான் குற்றவாளி. கதவு முதலில் 70 கிலோ இருந்திருந்தால் இப்போது 92.

70 கிலோவைத் தூக்கிய மோட்டாருக்கு இன்னொரு 22 கிலோ பெரிய விஷயமா என்று தோன்றும். அந்த மோட்டார் 70 கிலோவை ஒருநாளும் தூக்கவில்லை என்பதுதான் சங்கதி. அது தள்ளிக்கொண்டிருந்தது சில கிலோ உராய்வைத்தான். பாரத்தைச் சுமந்தது கதவுக்கு மேலே, சுவரோரம் படுத்திருக்கும் ஸ்பிரிங்.

நாம் பேசுவது, பலகைகளைக் கீல் போட்டுக் கோத்து, மேலே போய்க் கூரைக்கு இணையாகப் படுத்துக்கொள்ளும் வகைக் கதவு. அமெரிக்காவில் சி. ஜி. ஜான்சன் 1921-இல் கொண்டுவந்த யோசனை இது. வாசலுக்கு மேலே ஓர் இரும்புத் தண்டு, அதைச் சுற்றி ஸ்பிரிங், தண்டின் இரு முனைகளிலும் உருளைகள், உருளையிலிருந்து கதவின் அடிப்பலகைக்கு இறங்கும் கம்பிவடங்கள். கதவு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் முழுசாக முறுக்கேறி இருக்கும். அது பிரியப் பார்க்கும், தண்டு சுழலும், உருளை வடத்தைச் சுருட்டும், கதவு மேலேறும். இதுவரை பள்ளிக்கூடப் பாடம்தான்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். ஸ்பிரிங்கிடம் ஒரு குறை உண்டு: பிரியப் பிரிய அதன் பலம் குறையும். எவ்வளவு முறுக்கோ அவ்வளவு விசை. ராபர்ட் ஹூக் 1678-இல் எழுதி வைத்த விதிதான். முறுக்கு பாதியானால் விசையும் பாதி. ஒரு பாறாங்கல்லை இப்படித் தூக்க நினைத்தால், பாதி உயரம் போவதற்கு முன்பே ஸ்பிரிங் கைவிட்டுவிடும். பழைய கடிகாரங்களிலும் இந்தத் தொல்லை இருந்தது. அதைச் சமாளிக்க, கடிகாரக்காரர்கள் கூம்பு வடிவ உருளை ஒன்றைக் கடைந்து, அதன்மேல் சங்கிலியைச் சுற்ற வேண்டியிருந்தது.

கராஜ் கதவுக்கு அந்தக் கூம்பு தேவையே இல்லை. ஏன் தெரியுமா? கதவும் போகப் போக எடை குறைந்துகொண்டே வருகிறது. மேல் பலகை வளைவில் திரும்பிக் கிடைமட்ட டிராக்கில் படுத்ததும் அதன் பாரத்தை டிராக் வாங்கிக்கொள்கிறது. அடுத்து இரண்டாவது பலகை, மூன்றாவது பலகை. வடத்தில் தொங்குவது மிச்சமிருக்கும் பலகைகள் மட்டும்தான். ஒரு பக்கம் ஸ்பிரிங்கின் பலம் சீராக இறங்குகிறது, இன்னொரு பக்கம் தொங்கும் பாரம் சீராக இறங்குகிறது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் கோடுகள் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்று விழும். ஸ்பிரிங்கின் குறையைக் கதவின் குறை சரிக்கட்டிவிடுகிறது.

எண்ணாகவும் பார்க்கலாம். உருளையின் விட்டம் 10 சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 31 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வடம் சுருளும். 2.1 மீட்டருக்கு 6.7 சுற்று. இந்த அளவுக் கதவுக்கு ஸ்பிரிங்கை வழக்கமாக ஏழரைச் சுற்று முறுக்குவார்கள். அந்த ஏழரைச் சுற்று 70 கிலோவைத் தாங்குகிறது, அதாவது சுற்றுக்கு 9.3 கிலோ. கதவு பாதி ஏறியபோது மிச்சம் 4.15 சுற்று, 39 கிலோ. தொங்குவதோ 35 கிலோவை ஒட்டி. முழுக்கத் திறந்தபின் மிச்சம் 0.8 சுற்று, ஏழெட்டுக் கிலோ இழுவை. வடம் தொய்ந்து உருளையிலிருந்து நழுவாமல் இருக்க அது வேண்டும்.

சரி, 92 கிலோ கதவுக்கு அதே ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் முறுக்கினால் போதாதா? பலர் செய்வது இதைத்தான். கிட்டத்தட்ட 10 சுற்று முறுக்கினால் கீழே சமநிலை வந்துவிடும். ஆனால் கதவு முழுக்கத் திறந்த பிறகும் மூன்று சுற்றுக்கு மேல் முறுக்கு பாக்கியிருக்கும். தொங்குவதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத இடத்தில் 30 கிலோ இழுவை! கதவு மேலே போய் மோதும், மூட வந்தால் இறங்க அடம்பிடிக்கும். முறுக்கைக் கூட்டினால் கோடு மொத்தமாக மேலே நகருமே தவிர அதன் சாய்வு மாறாது. நமக்கு மாற வேண்டியது சாய்வு.

அந்தச் சாய்வைத் தீர்மானிப்பது கம்பியின் தடிமன், சுருளின் அகலம், சுருள்களின் எண்ணிக்கை. இதில் தடிமனுக்குத்தான் ராஜமரியாதை. கம்பி விட்டத்தின் நான்காம் படிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்ப விறைப்பு, அதாவது அந்தச் சாய்வு, கூடும். 70 கிலோவிலிருந்து 92-க்குப் போக 31 சதவீதம் அதிக விறைப்பு வேண்டும். அதற்கு 6 மில்லிமீட்டர் கம்பி 6.4 மில்லிமீட்டர் ஆனால் போதும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத வித்தியாசம். 'பழசு மாதிரியே இருக்கிறதே' என்று அளக்காமல் வாங்கி வந்து மாட்டுவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து என்றதும் நினைவுக்கு வருகிறது. முறுக்கேறிய இந்த ஸ்பிரிங்கில் 720 ஜூலுக்குக் குறையாத ஆற்றல் இருக்கிறது. 7 கிலோ இரும்புக் குண்டு மூன்று மாடி உயரத்திலிருந்து விழுந்தால் என்ன அடி அடிக்குமோ அது. இதை முறுக்கவும் தளர்த்தவும் அதற்கென்று செய்த உருட்டுக் கம்பிகள் உண்டு. ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பி விரல்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள். கதவின் அடியில் வடம் பிணைத்திருக்கும் பிராக்கெட்டும் அதே இழுவிசையில்தான் நிற்கிறது, அந்த போல்ட்டையும் தொடாதீர்கள். வீட்டில் எல்லாவற்றையும் நாமே செய்து பார்க்க வேண்டும் என்ற கட்சிதான் நானும். ஆனால் இந்த ஸ்பிரிங்கில் மட்டும் கை வைக்க மாட்டேன்.

சில வருடங்கள் ஒழுங்காக உழைத்த ஸ்பிரிங் ஒருநாள் வேட்டுச் சத்தத்தோடு உடைவதற்கும் காரணம் உண்டு. சாதாரண ஸ்பிரிங்கை 10,000 முறை திறந்து மூடும் கணக்கில்தான் செய்கிறார்கள். தினமும் நான்கு முறை என்றால் ஏழு வருடம்கூட வராது. 1842-இல் பிரான்சில் வெர்சாய் அருகே ரயில் அச்சு முறிந்து பெரும் விபத்து நடந்தபோது, ஓடி ஓடி இரும்பு 'படிகமாக' மாறிவிடுகிறது என்றே பலர் நம்பினார்கள். உண்மையில் நடப்பது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் ஒவ்வொரு சுமையிலும் துளித்துளியாக வளர்வது. ஜெர்மன் ரயில்வே பொறியாளர் அகஸ்ட் வோலர் அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சுமையேற்றி உடைத்துப் பார்த்து, எத்தனை முறைக்கு எவ்வளவு சுமை தாங்கும் என்று அளந்தார். பத்துப் பன்னிரண்டு வருட வேலை. இன்று யாராவது போய் 'இரும்பை வளைத்துக்கொண்டே இருக்கப் போகிறேன், வருடக்கணக்கில் ஆகும், நிதி கொடுங்கள்' என்று கேட்டால் கிடைக்குமா என்பது சந்தேகம்தான். பாலமும் விமானமும் அந்த அலுப்பான அளவீட்டை நம்பித்தான் நிற்கின்றன.

வாசகருக்கு வருகிறேன். கதவு முழுக்க மூடியிருக்கும்போது மட்டும், மோட்டாரைப் பிரித்துவிடும் கயிற்றை இழுங்கள். திறந்த நிலையில் இழுத்தால் கதவு தலையில் விழலாம். அப்புறம் கையால் இடுப்பளவு தூக்கிக் கையைத் தளர்த்திப் பாருங்கள், பிடியை முழுசாக விட வேண்டாம். அங்கேயே நின்றால் சமநிலை சரி. உங்கள் கதவு கீழே இறங்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிளைவுட்டைக் கழற்றிவிட்டு, தெர்மாகோல்மேல் அலுமினியத் தாள் ஒட்டிய மெல்லிய ஷீட் போட்டால் கதவு பழைய எடைக்குப் பக்கத்தில் வந்துவிடும். மிச்சமுள்ள நாலைந்து கிலோவுக்குப் பெரும்பாலும் அரைச் சுற்று முறுக்கு போதும், அதையும் மெக்கானிக்கே செய்யட்டும். பிளைவுட்தான் வேண்டும் என்றால், அவர் ஸ்பிரிங்கைத் தளர்த்தியதும் கதவின் அடியில் எடை பார்க்கும் மெஷினை வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த எடைக்குக் கணக்குப் போட்டுத் தடித்த கம்பியில், கொஞ்சம் நீளமான ஸ்பிரிங்காகக் கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் கம்பியில் ஏறும் அழுத்தம் குறைவதால் 10,000 முறைக்கு மேலும் ஓடும்.